சோலையா, ஷோலாவா?

மாடியில் இருக்கும் இரண்டு அறைகளையும் விருந்தினருக்கு வாடகைக்கு விட ஆரம்பித்ததும், கோத்தகிரியில் எங்கெங்கே போகலாம் என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னார் வீட்டுக்காரர். கோடநாடு காட்சிமுனை, கேத்தரின் அருவி எல்லாம் மளமளவென்று வந்துவிட்டன. அடுத்து ஊரை ஒட்டிய காடு. லாங்வுட் என்று எழுதிவிட்டு, அடுத்த வார்த்தையில் பேனா நின்றது. "ஷோலான்னு எழுது, அப்பதான் எல்லாருக்கும் புரியும்" என்கிறார் அவர். நான் பிறந்து வளர்ந்தது அழகர்மலைப் பக்கம். என் தாத்தா பெயரே சோலைமலை. திருமுருகாற்றுப்படை முடிவதும் 'பழமுதிர் சோலை மலைகிழவோனே' என்றுதான். சோலை என்றே எழுதி ஒட்டிவிட்டேன்.

மலைக்கு வந்த வெள்ளைக்காரர்கள் நம் ஆட்கள் சொன்ன சோலையைத்தான் ஷோலா என்று எழுதிக்கொண்டார்கள். அப்புறம் காட்டை ஆராய்ந்தவர்களும் அதையே எடுத்துக்கொள்ள, இன்று அது துறைச்சொல். உயரமான மலையில், புல்வெளிகளுக்கு நடுவே பள்ளங்களில் மட்டும் நெருக்கியடித்து நிற்கும் குட்டை மரக் காட்டுக்கு அந்தப் பெயர். கீழே எங்கள் ஊரில் சோலை என்றால் மாஞ்சோலை, பூஞ்சோலை, நிழலுக்கு ஒதுங்குகிற இடம். இங்கே உள்ளே போனால் நண்பகலிலும் அரை இருட்டு. மரத்தண்டு முழுக்கப் பாசி. காலடியில் கிடக்கும் சருகை மேலாக விலக்கினால் அடியில் ஈரம், இன்னும் கொஞ்சம் தோண்டினால் கறுப்பு மண். மழைக்காலத்தில் போனால் அட்டை ஏறாமல் யாரும் திரும்பியதில்லை.

லக்னோவிலிருந்து வந்த ஒரு பெரியவர் சாலையில் ஷோலா என்ற பலகையைப் பார்த்துவிட்டு, "காடு எரிந்துபோச்சா?" என்று கேட்டார். உருதுவில் ஷோலா என்றால் தீக்கொழுந்து. அரபியிலிருந்து வந்த சொல். 'ஷோலே' படப் பெயர் அதன் பன்மைதான். அவருக்கு என்ன சொல்ல? இங்கே கோடையில் தீப்பிடிப்பது பெரும்பாலும் புல்வெளிதான். சோலையின் ஓரத்துக்கு வந்ததும் ஈரத்தில் அது அடங்கிவிடும். தீ நுழைய முடியாத காட்டுக்குத் தீயின் பெயரா என்று கேட்டு அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

கொல்கத்தாவிலிருந்து ஒரு தாயும் மகளும் வந்தார்கள். ஷோலோ என்றால் அவர்களுக்குப் பதினாறு. அது சரி, இந்தியில் பதினாறு சோலஹ்தானே. அதைவிட எனக்குப் பிடித்தது அவர்கள் சொன்ன இன்னொரு ஷோலா. நீர் தேங்கும் வயலிலும் குளத்திலும் முளைக்கும் ஒரு செடி. அதன் தண்டுக்குள் இருப்பது வெள்ளை வெளேரென்று, கையில் வைத்தால் கனமே தெரியாது. அதைச் சீவித்தான் வங்காள மாப்பிள்ளைக்கு டோபோர் என்ற கூம்புக் கிரீடம் செய்கிறார்கள். துர்க்கை சிலைக்கு வெள்ளை அலங்காரமும் அதிலேதான். மகள் கைபேசியில் படம் காட்டினாள். பார்த்ததும், "அட, இது நம்ம நெட்டி!" என்று கத்திவிட்டேன். மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புக்கும் கழுத்துக்கும் சாயம் போட்ட நெட்டி மாலை வாங்குவோமே, அதே நெட்டி. 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய தஞ்சாவூர் நெட்டிச் சிற்பங்களும் இதில் செய்தவைதான்.

பழைய படங்களில் தோட்டத் துரைமார் தலையில் கவிழ்த்திருக்கும் தொப்பியும் இந்தச் செடியால் ஆனதே. அதற்கு சோலா தொப்பி என்று பெயர். வெயிலுக்குப் போடுவதுதானே என்று சோலார் ஆக்கி எழுதியவர்களும் உண்டு. சூரியனுக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமே இல்லை. ஆக, துரை வங்காளத்து ஷோலாவைத் தலையில் வைத்துக்கொண்டு தமிழ்ச் சோலைக்குள் வேட்டைக்குப் போயிருக்கிறார். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒட்டுமில்லை, உறவுமில்லை.

ஈரானியர்களின் ஷோலே ஜர்த் கதையும் அப்படியே. குங்குமப்பூ போட்டுக் குழைய வேகவைத்த அரிசி இனிப்பு அது. படத்தில் பார்த்தால் சர்க்கரைப் பொங்கலை இன்னும் கொஞ்சம் இளக்கியது மாதிரி இருக்கிறது.

நிஜமான உறவு பக்கத்திலேயே இருக்கிறது. வீட்டு வேலைக்கு உதவ வரும் அக்காவுக்கு ஊர் கூடலூர், பேச்சு மலையாளம். சோல என்றால் அவருக்கு முதலில் ஓடைதான், அப்புறம்தான் நிழலும் தோப்பும். எனக்கு இது ரொம்பச் சரியாகப் பட்டது. லாங்வுட் 116 ஹெக்டேர்தான், ஆனால் சுற்றியுள்ள ஊர்களுக்குத் தண்ணீர் அதிலிருந்துதான் வருகிறது. 2024 ஜனவரியில் அதை ராம்சர் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக அறிவித்தபோது, காட்டை எப்படி ஈரநிலம் என்கிறார்கள் என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். கூடலூர் அக்காவுக்கு அந்தச் சந்தேகமே வரவில்லை.

என் மகள் இங்கிலாந்தில் செவிலியாக இருக்கிறாள். அவளோடு இரவுப் பணி பார்க்கும் நைஜீரியப் பெண்ணின் பெயரும் ஷோலா! அவர்கள் யோருபா மொழிக்காரர்கள். முழுப்பெயர் அடேஷோலாவாம். அடே என்றால் கிரீடம், ஓலா என்றால் மதிப்பு, செல்வம். அந்தப் பெண்ணை அடுத்த விடுமுறைக்கு இங்கே கூட்டி வருகிறேன் என்கிறாள். தாராளமாக வரட்டும். 'அடே' என்று மட்டும் சுருக்கிக் கூப்பிடாதே, இங்கே சண்டைக்கு வந்துவிடுவார்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.