விராலிமலையில் நின்றுபோகும் ஏசி

எங்கள் கார் பத்து வயதான சிறிய பெட்ரோல் வண்டி. சென்ற கோடையில் அதன் ஏசிக்கு ஒரு விநோதமான பழக்கம் வந்தது. திருச்சியிலிருந்து மதுரைக்குப் புறப்பட்டால் விராலிமலை வரை நன்றாகக் குளிரும். அதன் பிறகு வெறும் அனல் காற்றுதான் வரும். கால் மணி நேரம் அணைத்து வைத்துவிட்டுப் போட்டால் மீண்டும் குளிர்ந்து, சற்று நேரத்தில் மறுபடியும் நின்றுவிடும்.

முதலில் போன பட்டறையில் கேஸ் குறைந்துவிட்டது என்றார்கள். ஒரே மாதத்தில் இரண்டு முறை நிரப்பியும் நோய் தீரவில்லை. கேஸ் என்பது பெட்ரோலைப் போல ஓட ஓடத் தீர்ந்துபோகும் பொருள் அன்று. மூடிய குழாய்களுக்குள் சுற்றிவரும் அது குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். அந்தக் கசிவு எங்கே என்று நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. இன்ஜின் ஓடாதபோது அழுத்தம் காட்டும் கேஜை மாட்டி முள்ளைக் காட்டினார்களே, அதற்கும் அர்த்தமில்லை. உள்ளே கேஸ் சிறிதளவாவது திரவமாக இருக்கும் வரை, ஆர் 134ஏ எனப்படும் அந்தக் கேஸின் அழுத்தம் வெப்பநிலையை மட்டுமே பொறுத்தது. 35 டிகிரியில் பாதி கேஸ் இருந்தாலும் முழுவதும் இருந்தாலும் முள் ஏறத்தாழ 115 பிஎஸ்ஐயில்தான் நிற்கும்.

அதன் பிறகுதான், ஏசி எப்போது வெட்டுகிறது, எத்தனை நேரம் கழித்துப் பிடிக்கிறது என்று ஒரு தாளில் குறிக்கத் தொடங்கினேன். கேஸை அழுத்திச் சுற்றவிடுவது கம்ப்ரசர். எங்கள் வண்டியில் இருப்பதைப் போன்ற சாதாரணக் கம்ப்ரசர் விட்டுவிட்டு ஓடுவது இயல்புதான். கூலிங் காயில் உறைநிலையை நெருங்கும்போது, அதன் மீது பனிக்கட்டி படியாமல் இருப்பதற்காக, வெப்பநிலையை உணரும் தெர்மிஸ்டர் கம்ப்ரசரை நிறுத்தும். சில டிகிரி ஏறியதும் மீண்டும் ஓடவிடும். கேஸ் மிகவும் குறைந்திருந்தால் சில விநாடிகளுக்கு ஒருமுறை டிக் டிக் என்று பிடித்துப் பிடித்து விடும். கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டன்சரின் விசிறி சுழலாவிட்டால் நெரிசலில் நிற்கும்போது அழுத்தம் ஏறி வெட்டும். நெடுஞ்சாலையில் வேகமெடுத்தால் சரியாகிவிடும். என் வண்டியோ நெடுஞ்சாலையில்தான் காலை வாரியது. கூலிங் காயிலில் பனி அடைத்திருந்தால் காற்றின் வேகமே குறைந்திருக்கும். எனக்குக் காற்று பலமாக, ஆனால் சூடாக வந்தது. பியூஸ் பெட்டியில், மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலேக்களில் ஹாரன் ரிலேயும் ஏசி ரிலேயும் ஒரே வகை என்பதால் இடம் மாற்றிப் பார்த்தேன். ஹாரன் ஒழுங்காக அடித்தது, ஏசிதான் திருந்தவில்லை.

இந்தத் தாளுடன் வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் கேஜைத் தொடவே இல்லை. அரை மணி நேரம் ஓட்டி, ஏசி நின்ற நிலையில் பானெட்டைத் திறந்து, கம்ப்ரசருக்குப் போகும் வயரில் டெஸ்ட் லேம்ப் வைத்தார். விளக்கு பளிச்சென்று எரிந்தது. "கரண்ட் வருது சார், பிளேட்டைத்தான் இழுக்க மாட்டேங்குது" என்றார்.

கம்ப்ரசரின் புல்லி பெல்ட்டோடு எப்போதும் சுழன்றுகொண்டிருக்கும். அதனுள் இருக்கும் கிளட்ச் காயிலுக்கு (கூலிங் காயில் வேறு) மின்சாரம் வந்ததும் அது காந்தமாகி, முன்னால் உள்ள பிளேட்டை இழுத்துப் புல்லியோடு ஒட்டவைக்கும்போதுதான் கம்ப்ரசரின் தண்டு சுழலும். ஆண்டுக்கணக்கில் உரசித் தேய்ந்ததால் பிளேட்டுக்கும் புல்லிக்கும் இடைவெளி கூடிவிட்டது. காயில் சூடேறும்போது அதன் மின்தடை கூடி, மின்னோட்டம் குறைந்து, காந்தமும் தளர்கிறது. ஒட்டியிருக்கும் வரை அந்தத் தளர்ந்த காந்தமே போதும். தெர்மிஸ்டர் ஒருமுறை வெட்டிவிட்டால், அகன்ற இடைவெளியைத் தாண்டி மீண்டும் இழுக்க அதற்கு வலுவில்லை. விராலிமலையின் மர்மம் இவ்வளவுதான்.

இடுக்கை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை விட்டுப் பார்த்தபோது இடைவெளி 0.9 மில்லிமீட்டர் இருந்தது. பிளேட்டைக் கழற்றி, பின்னால் இருந்த மெல்லிய ஷிம் வாஷர் ஒன்றை எடுத்துவிட்டு மாட்டியதும் 0.45 ஆகக் குறைந்தது. கேஸ் குழாயைத் திறக்கும் வேலையே இல்லாமல் முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. எல்லாக் கம்ப்ரசரிலும் எடுப்பதற்கு ஷிம் மிச்சமிருக்காது. அப்படியானால் கிளட்சையே மாற்ற வேண்டும் என்று அவர் சொன்னார்.

அடுத்த வாரம் மதுரைக்குப் போனபோது, விராலிமலை தாண்டியதும் பாட்டை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தேன். டிக் என்று வெட்டியது. சில விநாடிகளில் டிக் என்று பிடித்தது. மேலூர் வரை எண்ணிக்கொண்டே போனதில், பின்னிருக்கையில் இருந்தவர்கள் குளிருகிறது, குறைத்து வை என்றார்கள்.