மே மாதச் சம்பளம்

மார்ச் 10, 2025, திங்கள்

இன்று என் எல்.கே.ஜி. வகுப்பில் 41 பேரும் வந்துவிட்டார்கள். ஒருத்தர்கூட லீவு இல்லை. மூன்று வகுப்புக்குச் சேர்த்து ஒரே ஆயாம்மா. பதினோரு மணிக்கு ஒரு பையன் வாந்தி எடுத்தான். அவனைக் கழுவித் துடைத்து வேறு சட்டை மாட்டி முடிப்பதற்குள் சிவப்பு ரிப்பன்காரி உட்கார்ந்த இடத்திலேயே நனைத்துவிட்டாள். ஆயாம்மா பக்கத்து வகுப்பில் இருந்தார். நானேதான் எல்லாம்.

காலை எட்டே முக்காலுக்கு உள்ளே போனால் பிள்ளைகளை வேனில் ஏற்றிவிட்டு மூன்று மணிக்குத்தான் நான் பாத்ரூம் போக முடிகிறது. 41 பிள்ளைகளைத் தனியே விட்டுவிட்டு எப்படிப் போவது? அதனால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டேன். இந்த வருஷம் இரண்டு முறை நீர்க்கடுப்பு வந்துவிட்டது. டாக்டரம்மா தண்ணீர் குடி, தண்ணீர் குடி என்கிறார். குடித்தால் என்ன ஆகும் என்று அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

கல்வி உரிமைச் சட்டம் 2009 தொடக்க வகுப்புகளில் 30 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்ற கணக்கை வைத்திருக்கிறது. ஆனால் அது ஆறு வயதில்தான் தொடங்குகிறது. என் பிள்ளைகளுக்கு வயது நாலு. ஆறு வயதுப் பிள்ளை மூக்கைத் தானே துடைத்துக்கொள்ளும். நாலு வயதுப் பிள்ளைக்குத்தான் ஆள் வேண்டும்.

மார்ச் 12, புதன்

மாசி மகம். பள்ளி லீவு. புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரையில் நிற்க இடமில்லை. மயிலம் முருகனும் தீவனூர்ப் பிள்ளையாரும் வந்து வரிசையில் நின்றார்கள். கூட்டத்தில் எங்கள் பள்ளி யு.கே.ஜி. மிஸ் அக்காவைப் பார்த்தேன். இரண்டு பேரும் மணலில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டோம். ஏப்ரலோடு நின்றுவிடப் போகிறேன் என்றார். மகளுக்கு ஜூன் மாதம் பிரசவம், பார்த்துக்கொள்ள வேறு யாரும் இல்லை.

2011 ஜூனில் சேர்ந்தவர். இப்போது கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் இவரிடம்தான் 'அ' எழுதினார்கள். "போகும்போது ஏதாவது தருவாங்களா அக்கா?" என்று கேட்டேன். "ஒரு புடவையும் ஒரு தட்டும் குடுப்பாங்க" என்றார். அதில் அவருக்கு வருத்தமே இல்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

மார்ச் 15, சனி

மாசி மகத்து லீவுக்கு ஈடாக இன்று பள்ளி. பிள்ளைகளில் பாதிப் பேர் வரவில்லை. எங்களுக்கு அந்த வசதி கிடையாது.

மார்ச் 21, வெள்ளி

அம்மாவின் திதி. பத்து நாள் முன்பே எழுதிக் கொடுத்திருந்தேன். யு.கே.ஜி. பிள்ளைகளுக்குப் பட்டமளிப்பு ஒத்திகை இருக்கிறது, லீவு கிடையாது என்று நேற்று மாலைதான் சொன்னார்கள். எல்.கே.ஜி. பிள்ளைகள் மேடையில் பூத்தூவ வேண்டுமாம்.

காலையில் அய்யரை ஆறு மணிக்கே வரச் சொல்லி, எள்ளும் தண்ணியும் இறைத்துவிட்டு, காக்கைக்குச் சோறு வைக்கும் வேலையைத் தம்பியிடம் விட்டுவிட்டு ஓடினேன். இருபது நிமிஷம் தாமதம். அரை நாள் சம்பளம் பிடித்தம். பணம் போனது போகட்டும். காக்கை வந்து எடுத்ததா என்று மத்தியானம் வரை நெஞ்சு அடித்துக்கொண்டே இருந்தது.

வருஷத்துக்கு 12 நாள் சி.எல்., அதாவது தற்செயல் விடுப்பு, என்று வேலை ஆர்டரில் எழுதியிருக்கிறது. எழுதியிருப்பது வேறு, கேட்கும்போது கிடைப்பது வேறு. காய்ச்சல் வந்தால்கூட மாத்திரை போட்டுக்கொண்டுதான் போகிறோம். அந்தக் காய்ச்சல் அடுத்த வாரம் பிள்ளைகளுக்கு வருகிறது.

ஏப்ரல் 6, ஞாயிறு

மூன்று வாரமாக அக்கா விஷயம் மண்டையில் ஓடுகிறது. எங்கள் தெருவில் ஒரு வக்கீலம்மா இருக்கிறார். முத்தியால்பேட்டை மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் நின்று கேட்டேன். வீட்டுக்குக் கூப்பிட்டு உட்கார வைத்து ஒரு மணி நேரம் விளக்கினார். மறந்துபோகும் முன் எழுதி வைக்கிறேன், இதைப் படிக்கிற வேறு மிஸ்களுக்கும் உதவும்.

வேலையை விடும்போது மொத்தமாகத் தரும் தொகைதான் பணிக்கொடை, கிராஜுவிட்டி என்பார்கள். பணிக்கொடைச் சட்டம் 1972-ஆம் ஆண்டே வந்துவிட்டது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருஷம் தொடர்ந்து இருந்தவர் வேலையை விடும்போது, தானாக ராஜினாமா செய்தாலும் சரி, பணிக்கொடை தர வேண்டும். ஆனால் அந்தச் சட்டம் சொன்ன 'ஊழியர்' என்ற வரையறைக்குள் ஆசிரியர் வரமாட்டார் என்று 2004-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உடலுழைப்பு, எழுத்தர் வேலை, மேற்பார்வை, தொழில்நுட்பம் என்று அடுக்கிய எந்தப் பெட்டியிலும் பாடம் சொல்லிக்கொடுப்பது அடங்கவில்லை. இதைக் கேட்டபோது என் கையைப் பார்த்துக்கொண்டேன். மலம் அள்ளிய கை, எழுத்துப் பிடித்துக் கொடுத்த கை.

பிறகு 2009-இல் ஆசிரியரும் அதில் அடங்கும்படி நாடாளுமன்றம் சட்டத்தையே திருத்தியது. 1997 ஏப்ரல் 3-ஆம் தேதியிலிருந்தே அது செல்லும் என்று முன்தேதியிட்டார்கள். தனியார் பள்ளிகள் எதிர்த்து வழக்குப் போட்டன. 2022 ஆகஸ்ட் 29 அன்று உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது.

கணக்கு இப்படி: கடைசிச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, எத்தனை வருஷமோ அதனால் பெருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் வரும் மீதி ஒரு முழு வருஷம். அக்காவுக்கு 13 வருஷம் 11 மாதம், அதாவது 14. சம்பளம் 9,500. பால் கணக்கு எழுதும் நோட்டில் போட்டுப் பார்த்தேன். 76,731 ரூபாய்.

மகள் பிரசவத்துக்கு வட்டிக்கு வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார் அக்கா.

ஏப்ரல் 14, திங்கள்

புத்தாண்டு. கடலூரிலிருந்து அண்ணி வந்திருந்தார். தேவனாம்பட்டினம் பக்கம் அங்கன்வாடி டீச்சர். எல்லாரும் பால்வாடி என்றுதான் சொல்கிறோம். மாங்காய்ப் பச்சடி செய்துகொண்டே பேசினோம். அவர்களுக்கு வருஷத்தில் 20 நாள் விடுப்பும், 180 நாள் மகப்பேறு விடுப்பும் மத்திய அரசின் திட்ட விதியில் இருக்கிறது. ஆனால் அந்தத் திட்டத்தில் கொடுப்பதற்குச் சம்பளம் என்று பெயர் இல்லை, மதிப்பூதியம். எடை பார்ப்பது, சத்துமாவு கொடுப்பது, அதையெல்லாம் போனில் ஏற்றுவது, நடுவில் வாக்காளர் பட்டியல் வேலை. அண்ணி லீவு எடுத்தால் பக்கத்து மையத்து டீச்சர்தான் இரண்டையும் பார்க்க வேண்டும். அதனால் கேட்கவே கூச்சம் என்றார்.

2022 ஏப்ரல் 25 தீர்ப்பில் அவர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது அண்ணிக்குத் தெரிந்திருந்தது. சங்கத்தில் சொன்னார்களாம். எங்களுக்குச் சங்கம் இல்லை.

ஏப்ரல் 23, புதன்

அக்கா இன்று ஆபீசில் பணிக்கொடையை வாய் திறந்து கேட்டுவிட்டார். நான் வாசலில் நின்றேன். பதில் தயாராக இருந்தது: "உங்களுக்கு ஏது 14 வருஷம்? ஒவ்வொரு மே மாதமும் வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை. ஜூனில் புது ஆர்டர். ஒரு வருஷ சர்வீஸ்தான்."

அப்போதுதான் புரிந்தது. மே மாதம் சம்பளம் தராதது ஒரு மாதக் காசை மிச்சம் பிடிக்க மட்டும் அல்ல. கோடை விடுமுறை என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோமே, எங்களுக்கு அது விடுமுறையே இல்லை. மாதாமாதம் வருகிற 9,500-இல் அரிசி, வாடகை, பஸ் போக மிஞ்சுவது என்ன? மே மாதம் நான் டியூஷன் எடுக்கிறேன், அக்கா ஊறுகாய் போட்டு விற்கிறார். அந்தப் பசி மாதத்தையே காட்டி 14 வருஷத்தையும் துண்டு துண்டாக வெட்டப் பார்க்கிறார்கள்.

சாயங்காலம் நேராக வக்கீலம்மா வீட்டுக்குப் போனோம். அவர் புத்தகத்தைத் திறந்து பணிக்கொடைச் சட்டத்தின் 2-ஏ பிரிவைக் காட்டினார். விடுப்பு, நோய், ஊழியர் தவறு எதுவும் இல்லாமல் வேலை நின்றுபோவது, இவையெல்லாம் தொடர் பணியை முறிக்காது. மே மாதம் பள்ளியைப் பூட்டுவது அக்காவின் தவறா? அதோடு ஒரு வருஷத்தில் 240 நாள் வேலை செய்திருந்தாலே முழு வருஷமாக எடுத்துக்கொள்ளலாம், வாரத்தில் ஆறு நாளுக்குக் குறைவாக நடக்கும் இடத்தில் 190 நாள் போதும். சம்பளத்தோடு வந்த லீவு நாளும் அந்தக் கணக்கில் சேரும். மாசி மகத்துக்கு ஈடாக வந்த சனிக்கிழமை உட்பட எல்லாம் வருகைப் பதிவேட்டில் அக்காவின் கையெழுத்தில் இருக்கிறது.

அக்கா அந்தப் பக்கத்தை இரண்டு முறை விரல் வைத்துப் படித்தார். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது போலவே எழுத்துக்கு எழுத்து.

ஏப்ரல் 30, புதன்

கடைசி நாள். புடவையும் தட்டும் கொடுத்தார்கள். அக்கா வாங்கிக்கொண்டு நன்றி சொன்னார். பிறகு பையிலிருந்து பணிக்கொடை கேட்கும் மனுவை எடுத்து ஆபீசில் நீட்டினார். வாங்க மாட்டோம் என்றார்கள். வாங்காவிட்டால் பதிவுத் தபாலில் அனுப்புவேன், 30 நாளில் தராவிட்டால் தொழிலாளர் துறைக்குப் போவேன் என்றார். குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. கால் மணி நேரம் கழித்து நகலில் சீல் வைத்துத் தந்தார்கள்.

யு.கே.ஜி. பிள்ளைகள் ஜன்னல் வழியாக "டாட்டா மிஸ்" என்று கத்திக்கொண்டே இருந்தார்கள்.

மே 1, வியாழன்

அஜந்தா சிக்னல் பக்கம் காலையிலிருந்து செங்கொடி ஊர்வலம். அக்கா வீட்டுக்குப் போனேன். சீல் வைத்த நகலை மகளின் ஜிப்மர் ஸ்கேன் பைலுக்குள் வைத்திருக்கிறார். அதைத்தான் வீட்டில் யாரும் தொலைக்க மாட்டார்களாம். 30-ஆம் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டிருக்கிறார்.

நானும் நேற்றிரவு ஒரு கடிதம் எழுதினேன், மே மாதச் சம்பளம் கேட்டு. இன்னும் மூன்று மிஸ் கையெழுத்துப் போடுகிறோம் என்றிருக்கிறார்கள். நாளை ஒருத்தர் வீட்டுக்கு லாஸ்பேட்டை போக வேண்டும், இன்னொருவர் நெல்லித்தோப்பு. வெயிலுக்கு முன் கிளம்பிவிட வேண்டும்.