கேடி முடிந்தது என்று கையெழுத்துப் போட்டது நான்தான்

வங்கியில் மென்பொருள் மாற்றும் புராஜெக்டில் மாட்டியவர்களுக்கு கேடி (நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர்) என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. பழைய ஆள் சொல்லிக்கொடுப்பார், புது ஆள் தலையாட்டுவார், எக்செல் ஷீட்டில் அந்த வரி பச்சையாகும். எங்கள் ஷீட்டில் 64 வரிகள். அத்தனையும் பச்சை. அப்புறம் ஒன்றரை மாதம் நான் பட்ட பாடு இது.

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த சார், எல்லாக் கிளைக் கணக்கும் ஒரே சிஸ்டத்தில் இருக்கும் கோர் பேங்கிங் வந்த நாளிலிருந்து ராத்திரி பேட்ச், அதாவது கிளை மூடியபின் வரிசையாக ஓடும் கணக்கு வேலைகள் (ஒவ்வொன்றும் ஒரு ஜாப்), பார்த்தவர். அவர் ஓய்வு பெறும் மாதத்தில் ஆறு நாள், தினம் இரண்டு மணி நேரம் ஒதுக்கினார்கள். புது மென்பொருள் போடும் வெண்டர் கம்பெனி பக்கம் நான்கு பிள்ளைகள், ஓஎம்ஆர் ஆபீஸிலிருந்து டீம்ஸில், கேமராவை அணைத்துவிட்டு. சார் ஒவ்வொரு ஜாபாகக் காட்டி "டவுட் இருக்கா?" என்பார். "இல்லை சார்." அந்தப் பன்னிரண்டு மணி நேர ரெக்கார்டிங்கை முழுதாகப் பார்த்த ஒரே ஜீவன் நான்தான். எனக்கு வேண்டியது அதில் இல்லை.

இன்னொரு கூத்து. எங்கள் வங்கியில் ஓய்வு என்பது மாதத்தின் கடைசி நாள். வட்டி ஏற்றும் மாதக் கடைசி ஓட்டமும் அன்று ராத்திரிதான். அவர் அதை ஓட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். சாயங்காலம் 4 மணிக்கு மாலை, சால்வை, மிக்சர், நன்றியுரை என்று ஆரம்பித்து, ஆறரைக்கெல்லாம் காரில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். நானும் கைதட்டினேன். உங்கள் பிரிவில் யாராவது ஓய்வு பெறப் போகிறார் என்றால் அதற்கு முந்தைய மாதக் கடைசியையே பிடித்துக்கொள்ளுங்கள்.

டேட்டா மாற்றியது, இருப்பு சரிபார்த்தது எல்லாம் பிரச்சினையில்லை. முதல் மாக் ரன்னில், அதாவது ஒத்திகை ஓட்டத்தில், பழைய சிஸ்டத்தோடு வட்டியை ஒப்பிட்டபோதுதான் இடித்தது. 2002 ஏப்ரலிலிருந்து கடன்களுக்கு மாதாமாதம் வட்டியைக் கணக்கில் ஏற்றுகிறோம். ஆனால் விவசாயக் கடனுக்கு அந்த முறை கிடையாது, அங்கே அறுவடையை ஒட்டித்தான் வட்டி ஏற வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி சொன்னது. புது சிஸ்டத்தில் சில விவசாய நகைக்கடன்களில் மாதாமாதம் ஏறியிருந்தது. அதுவும் ஏழெட்டுக் கிளைகளில் மட்டும். எல்லாக் கிளையிலும் தப்பென்றால் ஒரே நாளில் பிடித்திருக்கலாம். வெண்டரைக் கேட்டால், "ரெக்வயர்மெண்ட்ல இல்ல மேடம்." கேடி எடுத்த நால்வரில் மூன்று பேர் அதற்குள் வேறு புராஜெக்டுக்குப் போயிருந்தார்கள்.

சாருக்கு போன் செய்தேன். "வாம்மா, வீட்டுலதானே இருக்கேன்" என்றார். இரண்டாம் சனிக்கிழமை விடுமுறையில், திருவான்மியூரிலிருந்து பஸ், சென்ட்ரலிலிருந்து லோக்கல் ரயில், ஆவடியில் இறங்கி ஷேர் ஆட்டோ. போய் உட்கார்ந்து ஜாப் பெயர்களைச் சொல்லச் சொல்ல அவர் கண்ணை மூடி யோசித்தார். "பேரைச் சொன்னா எனக்கு என்னம்மா தெரியும்? ஸ்கிரீன்ல அந்த வரியைக் காட்டு." வரியை எப்படிக் காட்டுவது? ஆபீஸ் கம்ப்யூட்டரில் பென்டிரைவ் போகாது, வெளி மெயில் போகாது, ஸ்கிரீனைப் படம் எடுத்தால் மெமோ. மாமி போட்ட அடையைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன்.

அப்படியென்றால் அவரைத்தான் உள்ளே கூட்டிவர வேண்டும். வாடிக்கையாளர் விவரம் இல்லாத டெஸ்ட் சிஸ்டத்தை மட்டும் காட்டலாம் என்று எழுத்தில் அனுமதி வாங்க ஒன்பது நாள். வந்த அன்று வாசலில் இன்னொரு கதை. விசிட்டர் பாஸ் கவுண்டரில் இருந்தவர், "எந்த கம்பெனி சார்?" என்று கேட்டார். முப்பது வருஷத்துக்கு மேல் அந்தக் கட்டடத்தில் வேலை பார்த்தவர் பிளாஸ்டிக் நாற்காலியில் நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தார். கம்பெனி கட்டத்தை நிரப்பாமல் பாஸ் போட சாஃப்ட்வேர் விடாதாம். கடைசியில் அதில் 'இல்லத்தரசி' என்று இருந்ததைத் தேர்ந்தெடுத்து உள்ளே விட்டார்கள்.

ஸ்கிரீனைப் பார்த்ததும் அவருக்கு ஐந்து நிமிஷம்தான் ஆனது. பட்டியலில் 'டெம்ப் 3' என்று ஒரு ஜாப். பல வருஷம் முன்பு சில கிளைகளில் விவசாய நகைக்கடனைச் சாதாரண நகைக்கடன் திட்டத்திலேயே திறந்துவிட்டு, குறிப்புக் கட்டத்தில் மட்டும் 'அக்ரி' என்று எழுதியிருந்திருக்கிறார்கள். புகார் வந்ததும், மாத வட்டி ஏறுமுன் அந்தக் கணக்குகளை ஒதுக்கிவைக்க சார் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினார். தற்காலிகமாக. வெண்டரோ 'டெம்ப்' என்று தொடங்கிய எல்லாவற்றையும் 'தேவையில்லை' பட்டியலில் தள்ளிவிட்டார்கள். அந்தப் பட்டியலுக்கும் கையெழுத்து என்னுடையதுதான்.

"ஏன் சார் இதைச் சொல்லவேயில்லை?"

"ஷீட்ல அந்த வரியே இல்லையேம்மா. இருந்ததையெல்லாம் சொன்னேனே."

அன்று மதியம் முறையை மாற்றினோம். மிச்சமிருந்த வெண்டர் பையனையே கீபோர்டில் உட்காரவைத்து ஓட்டச் சொன்னோம். சார் பின்னால் நின்று பார்த்தார். பையன் தடுமாறுகிற இடத்திலெல்லாம் அவருக்கு ஏதாவது ஞாபகம் வந்தது. நான் ஷீட்டை மூடிவைத்துவிட்டு, "இத்தனை வருஷத்துல ராத்திரி எந்தெந்த போனுக்கு சார் எழுந்தீங்க?" என்று கேட்டேன். இரண்டு மணி நேரத்தில் பதினோரு விஷயம் கிடைத்தது. மார்ச் 31-க்கு மூன்று, பிப்ரவரி 29-க்கு ஒன்று. நீங்கள் கேடி எடுப்பதானால் இந்தக் கேள்வியை முதல் நாளே கேளுங்கள். புது ஆள் ஒரு மாதக் கடைசியைத் தனியாக ஓட்டிக் காட்டும்வரை பேனாவைத் திறக்காதீர்கள்.

இரண்டாவது மாக் ரன்னில் அந்தக் கிளைகளில் வட்டி வித்தியாசம் பூஜ்யம். ராத்திரி ஒன்றே முக்காலுக்கு சாருக்கு மெசேஜ் போட்டேன். உடனே இரண்டு நீல டிக். மனுஷன் இன்னும் அந்த நேரத்துக்கு விழித்துக்கொள்கிறார்.

ஆவடி போய்வந்த செலவுக்கு கிளெய்ம் போட்டிருந்தேன். நேற்று திரும்பி வந்தது. ஷேர் ஆட்டோவுக்கு பில் வேண்டுமாம்.