மூன்று தண்டவாளக் கோச்சி

என் மேசையில் ஒரு விளையாட்டுக் கோச்சி (ரயில்) எஞ்சின் நிற்கிறது. நீளம் ஒரு சாண் கூட வராது, ஆனால் கையில் தூக்கினால் நல்ல பாரம். கறுப்பு நிறம், பக்கத்தில் 69567 என்ற இலக்கம். லிவர்பூலில் இருந்த மெக்கானோ கம்பனி 1938இல் தொடங்கிய ஹோர்ன்பி டப்ளோ என்ற மின்சார விளையாட்டு ரயில் வரிசையைச் சேர்ந்தது. இது ஐம்பதுகளில் வந்த பிரதி.

அப்பா திருகோணமலை கடற்படைத் தளத்தில் ஃபிட்டராக இருந்தவர். 1957இல் ஆங்கிலேயர் தளத்தை ஒப்படைத்துவிட்டுக் கப்பல் ஏறியபோது, ஒரு அதிகாரியின் குடும்பம் இதையும் நாலு பெட்டிகளையும் கொஞ்சத் தண்டவாளத்தையும் அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனது. சின்ன வயதில் எங்களுக்கு அதைத் தொட அனுமதியில்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் அப்பாவே ஓட்டிக் காட்டுவார். 1990இல் வீட்டை விட்டு ஓடியபோது அம்மா அதைப் பிஸ்கட் தகரத்தில் போட்டு, பழைய சேலையால் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தா. நகைப்பெட்டியை எடுக்க மறந்துவிட்டா. இதைச் சொல்லி அப்பா கடைசிவரை சிரிப்பார்.

ஓய்வு பெற்ற பிறகுதான் தகரத்தைத் திறந்தேன். தண்டவாளத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை: துரு. கடற்கரை ஊரில் தகரத்தண்டவாளத்தை வைத்திருந்தால் ஒவ்வொரு வாடைக்காலமும் அதில் கொஞ்சம் தின்னும். எட்டு வளைவுத் துண்டு சேர்ந்தால் ஒரு முழு வட்டம். எனக்குச் சரியாக எட்டுத் தேறின, அது அதிர்ஷ்டம். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். கீறல் விழுந்தால் அதற்குள் அழுக்கு இன்னும் வேகமாகச் சேரும். மருந்துக்கடை ஸ்பிரிட்டும் பழைய பனியன் துணியும் போதும்.

எஞ்சினின் மேல்கூடு மசாக் என்ற துத்தநாகக் கலவை. வார்க்கும்போது துளி ஈயம் கலந்துவிட்டால், பல வருடம் கழித்து உள்ளுக்குள்ளேயே வீங்கி, வெடித்து, பிஸ்கட் மாதிரி உதிரும். அதற்கு மருந்தில்லை. இரண்டாம் உலகப் போருக்கு முந்திய வார்ப்புகளில்தான் இந்த நோய் அதிகம். என்னுடையது தப்பியிருந்தது.

உள்ளே பார்த்தால் பழுப்பு நிறப் பிசின். அப்பா தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறார்! டொக்யார்ட் ஃபிட்டர், தேங்காய் எண்ணெய்! வீட்டில் அதுதான் இருந்திருக்கும் போல. மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவினேன். 12 வோல்ட் கொடுத்தேன். அசையவில்லை.

மோட்டாரின் சுழலும் பகுதியில் மூன்று சுருள்கள். சுருள்களுக்கு மின்சாரம் கொடுப்பது கரித்துண்டுகள். மல்டிமீட்டரை வைத்து, அந்தக் கரி உரசும் செப்புத் துண்டுகளை இரண்டிரண்டாக அளந்தால் மூன்று அளவும் ஒன்றாக வரவேண்டும். எனக்கு இரண்டு ஒரு மாதிரி, ஒன்று வேறு மாதிரி. எங்கோ கம்பி அறுந்திருக்கிறது. சுழலியைக் கழற்றிப் பொலித்தீனில் சுற்றிக்கொண்டு மடத்தடிச் சந்திப் பக்கம் ஒரு வைண்டிங் கடைக்குப் போனேன். தண்ணீர் மோட்டாரும் மின்விசிறியும் கட்டுகிற கடை. முதலாளி என்னிடம் ஒன்பதாம் வகுப்பில் விஞ்ஞானம் படித்தவன்.

"சேர், இது நீங்கள் இடக்கை விதி படிப்பிக்கக்குள்ள கரும்பலகையில கீறின சாமான்தானே?"

"அதேதான் தம்பி. கட்ட ஏலுமா?"

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "இதுக்குத் தலைமயிர் மாதிரிக் கம்பி வேணும் சேர். ஆனா கட்டத் தேவையில்லை. பற்று விட்டிருக்கு, அவ்வளவுதான்." ஐந்து நிமிடத்தில் சோல்டர் பண்ணிக் கையில் தந்தான். காசு வாங்க மாட்டேன் என்றான்.

வீட்டுக்கு வந்து பூட்டினேன். ஓடியது. ஆனால் வீதியில் நோயாளி நடப்பது மாதிரி. இரண்டு வட்டம் சுற்றுவதற்குள் தொட முடியாத சூடு. கரியில் பிழை என்று நினைத்தேன். அரைக்கும் மெஷினின் தேய்ந்த கரியை அராவிப் போட்டேன், அது செப்பைத் தின்னத் தொடங்கியது. கரியை அழுத்திப் பிடிக்கும் வில்லுக்கு (ஸ்பிரிங்) கிட்டார் கம்பியை வளைத்தேன், அழுத்தம் கூடி எஞ்சின் இன்னும் திணறியது. ஒரு கிழமை இப்படியே போனது.

ஒரு நாள் குளிக்கும்போது உறைத்தது. காந்தம்.

அந்தக் காலத்து அல்னிக்கோ என்ற உலோகக் கலவைக் காந்தம் இரும்பு வழியே தன் வட்டத்தை மூடிக்கொண்டிருக்கும்வரைதான் பலமாக இருக்கும். நடுவில் உள்ள சுழலியை எடுத்துவிட்டால் இடைவெளி பெரிதாகி, பலம் இறங்கிவிடும். திரும்பப் போட்டாலும் பழைய பலம் வராது. எடுக்க முதல் முனைகளுக்குக் குறுக்கே ஒரு தேனிரும்பு (மென்மையான இரும்பு) துண்டை வைத்திருக்க வேண்டும். நான் சுழலியைப் பொலித்தீனில் சுற்றிக்கொண்டு கடைக்குப் போன நேரம் முழுக்க, காந்தம் வீட்டு மேசையில் வாயைத் திறந்தபடி கிடந்தது. ஆய்வுகூடத்தில் காந்தங்களைத் தேனிரும்பு வைக்காமல் பெட்டியில் போட்டதற்காக 31 வருடம் பிள்ளைகளை ஏசியவன் நான்.

சரி, இனி என்ன செய்வது. லண்டனில் இருக்கும் மச்சானைப் பிடித்தேன். அங்கே இந்தப் பழைய எஞ்சின்களுக்கென்றே உதிரிப்பாகம் விற்பவர்கள் இருக்கிறார்கள். சரியான கரி ஒரு சோடி, வில், கூடவே நியோடிமியம் என்ற மிகப் பலமான காந்தத் துண்டுகள். ஓடர் பண்ண முதல் எஞ்சினைப் புரட்டி அடிப்பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள், வெறும் இலக்கத்தை நம்பாதீர்கள். எல்லாம் சேர்ந்து ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கும். தபால் செலவு சாமானைவிடக் கூட என்பதால், மச்சான் ஆடி அமாவாசைக்கு வந்தபோது சட்டைப்பையில் கொண்டுவந்தார்.

நியோடிமியம் பொல்லாத சாமான். பழைய காந்தம் இருந்த இடம் முழுவதையும் அதால் நிரப்பினால் சுழலி ஒவ்வொரு முனையிலும் ஒட்டி ஒட்டித் துள்ளும். சின்னத் துண்டாக வைத்து, மீதி இடத்தை இரும்பால் அடைக்க வேண்டும். வைண்டிங் கடைத் தம்பி இரும்பு வாஷர்களை அராவித் தந்தான். முதல் தரம் காந்தத்தை மாறி வைத்துவிட்டேன், முன்னுக்குத் திருப்பினால் பின்னுக்குப் போனது. புரட்டி வைத்ததும் சரி.

உண்மையான பாகம் இல்லாவிட்டால் பெறுமதி போய்விடும் என்று சேகரிப்பாளர்கள் சொல்வார்கள். விற்பவருக்கு அது சரி. பழைய காந்தத்தை நான் தகரத்திலேயே வைத்திருக்கிறேன், குறுக்கே தேனிரும்போடு.

இன்னும் இரண்டு விஷயம். இந்த வகை எஞ்சினை இப்போதைய இரண்டு தண்டவாளப் பாதையில் வைக்காதீர்கள். சக்கரங்கள் முழு உலோகம், வைத்த உடனே ஷோர்ட். மின்சாரம் நடுத் தண்டவாளத்தால்தான் வரவேண்டும். அதோடு, கூட வந்த பழைய ட்ரான்ஸ்ஃபோமரை 230 வோல்ட்டில் செருகாதீர்கள். என்னுடையதில் வயரின் ரப்பர் தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. புது 12 வோல்ட் நேரோட்ட சப்ளை ஒன்று வாங்குங்கள்.

பின்பக்கக் கொக்கி மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. அதனால் இப்போதைக்கு பெட்டிகளை முன்கொக்கியில் மாட்டி, எஞ்சின் பின்பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகிறது. தண்ணீரையும் நிலக்கரியையும் தன் மேலேயே சுமக்கும் டாங்க் எஞ்சின்தானே, எந்தப் பக்கமும் ஓடத்தான் செய்தார்கள். நேற்று வைண்டிங் கடைத் தம்பி மகளையும் கூட்டிக்கொண்டு பார்க்க வந்தான். பிள்ளை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சேர், இந்தக் கோச்சி ஏன் றிவேர்ஸிலேயே போகுது?" என்று கேட்டது.