மூணு பிள்ளைகள், ஒரே ஹால்: வீட்டுப் பாடத் திட்டம்

பள்ளிக்கு அனுப்பாம வீட்டிலேயே பாடம் நடத்தும்போது, நாலு, ஆறு, எட்டு வயசுப் பிள்ளைகளுக்குத் தனித்தனி டைம்டேபிள் போட்டால் ரெண்டு நாள்கூட ஓடாது. வடசென்னையில் ராயபுரம், வண்ணாரப்பேட்டைப் பக்கம் தண்ணி லாரி வந்தாலே ஒன்பது மணிப் பாடம் போச்சு. அதனால் மணி குறிக்காதீங்க, வரிசை மட்டும் குறிங்க: தமிழ், கணக்கு, பொதுப் பாடம்.

தமிழும் கணக்கும் ஆளுக்கு 15 நிமிஷம், தனியா. முதலில் சின்னதைக் கவனிச்சிடுங்க. காக்க வெச்சால் மத்த ரெண்டையும் கலைச்சிடும். அந்த நேரம் மத்தவங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்ச வேலைதான் தரணும். புதுசா ஏதாவது கொடுத்தால் நிமிஷத்துக்கு ஒரு தடவை "அம்மா, இது எப்படி?"ன்னு வந்து நிப்பாங்க.

எழுத்தை 'அ'வில்தான் தொடங்கணும்னு இல்லை. அதன் சுழி சின்னக் கைக்குக் கஷ்டம். ட, ப ரெண்டும் நேர்க்கோட்டு எழுத்துகள், ம-வில் ஒரு வளைவு மட்டும் கூடுதல். கூடவே புள்ளி வைக்கக் கத்துக்கிட்டால் படம், மடம், பட்டம் எல்லாம் படிச்சிடலாம்.

கழித்தலுக்கு ஈர்க்குச்சி போதும். பத்துப் பத்தா ரப்பர் பேண்ட் போடுங்க. 42-இல் 17 போகணும்னா ஒரு கட்டைப் பிரிக்கணும்: உதிரி 12-இல் 7 போனால் 5, மிச்சம் 3 கட்டில் ஒண்ணு போனால் 2. விடை 25. 'கடன் வாங்குறது' என்னன்னு கையிலேயே புரியும்.

பொதுப் பாடத்துக்குக் காசிமேடு மீன் மார்க்கெட். சின்னது நிறம் சொல்லட்டும், நடுவுலது வஞ்சிரம், சங்கரான்னு பெயர் எழுதட்டும், பெரியது முக்கால் கிலோவுக்கு விலை போடட்டும். வெள்ளிக்கிழமை பாடம் வேண்டாம், விட்டுப்போனதை முடிக்க மட்டும்.