காயம் ஆறிய பிறகும் தொடரும் வேலை

இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, அண்மையில் தாதியப் பயிற்சியை முடித்திருக்கும் தங்கை ஒருத்தி, போர் நடக்கும் நாடொன்றுக்கு மருத்துவப் பணிக்குப் போகலாமா என்று கேட்டிருந்தார். தாராளமாகப் போகலாம் என்றேன். ஆனால் அவர் கற்பனை செய்திருந்த பணி முழுவதும் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குள்ளேயே நடப்பதாக இருந்ததால், இலங்கைப் போர் முடிந்த 2009 இல் வவுனியாவிலும் செட்டிகுளத்திலும் தாதியாக நான் கண்டவற்றை வைத்து இதை எழுதுகிறேன்.

அந்த ஆண்டு பெப்ரவரி முதல் மே வரை, செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு முல்லைத்தீவின் புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் கரைகளிலிருந்து காயப்பட்டவர்களைக் கடல்வழியாக வெளியேற்றியது. தரைவழியாக வந்தவர்கள் வவுனியாவை நிறைத்தார்கள். ஷெல் துண்டு உடலுக்குள் போகும்போது மண்ணையும் துணியையும் சேர்த்தே கொண்டுபோகும் என்பதால், அத்தகைய காயத்தை உடனே தைத்து மூடக் கூடாது. செத்த தசையை வெட்டி அகற்றி, கழுவி, கட்டுப் போட்டுத் திறந்தே விட்டு, நான்கைந்து நாட்களின் பின் சுத்தமாக இருந்தால் மட்டுமே தைக்க வேண்டும். இது பாடநூலில் ஒரு பத்திதான். ஆனால் பிள்ளையின் காலில் சதை திறந்து கிடப்பதைப் பார்த்து, "ஏன் தைக்காம விட்டிருக்கிறீங்கள்?" என்று கேட்கும் தாய்க்கு அவருக்குப் புரியும் தமிழில், அவசரப்படாமல் விளக்குவது சத்திரசிகிச்சை நிபுணரின் நேரத்துக்குள் அடங்காத வேலை, அது தாதியிடம்தான் வந்து சேரும்.

அதைவிடப் பெரிய வேலை முகாமில் இருந்தது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அடைபட்டிருந்த செட்டிகுளத்து மெனிக் பாம் அகதி முகாமில் அம்மையும் செங்கண்மாரியும் பரவின. அவை குண்டுக் காயங்கள் அல்ல, நெரிசலும் நீரும் கழிவும் தந்த நோய்கள். ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லீற்றர் தண்ணீர், இருபது பேருக்கு ஒரு கழிப்பறை என்று மனிதாபிமான அமைப்புகள் வைத்திருக்கும் அளவுகோலை நான் மருந்துப் பட்டியலின் தலையிலேயே வைப்பேன். இன்னொன்று, சீனி வியாதிக்காரரும் பிரஷர் குளிசை குடிப்பவர்களும் யுத்தத்துக்காகத் தங்கள் வியாதியை நிறுத்தி வைப்பதில்லை. பதுங்குகுழிக்குப் பதுங்குகுழி ஓடியதில் கிளினிக் கொப்பி தொலைந்திருக்கும், எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம் என்பது யாருக்கும் நினைவிருக்காது. குளிசையின் நிறத்தையும் பருமனையும் கேட்டுக் கேட்டு, புதிய கொப்பியில் முதல் பக்கத்திலிருந்து எழுதிக் கொடுத்தோம்.

அப்படிக் கொப்பி எழுதும்போது வயதான ஓர் அம்மா என் மலையகப் பேச்சைக் கவனித்துவிட்டு, "நீங்க எந்தத் தோட்டம் மகள்?" என்று கேட்டார். தமிழருக்கு எதிரான 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்தை விட்டுப்போய்க் கிளிநொச்சிப் பக்கம் குடியேறிய குடும்பம் அவருடையது. அவரைப் போன்றவர்கள் அங்கு ஏராளம். மலையகத்துக்கும் அந்தப் போருக்கும் தொடர்பில்லை என்று இங்கே சிலர் பேசும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

பாதுகாப்பைப் பற்றியும் அந்தத் தங்கை கேட்டார். 1949 இன் ஜெனீவா உடன்படிக்கைகள் காயப்பட்டவர் எந்தத் தரப்பினரானாலும் பராமரிக்கப்பட வேண்டும் என்கின்றன. மருத்துவமனைகளுக்கும் பணியாளர்களுக்கும் பாதுகாப்பு அளிக்கின்றன. ஆனால் 2015 ஒக்டோபர் 3 இல் ஆப்கானிஸ்தானின் குண்டூஸில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் மருத்துவமனை அமெரிக்க வான்தாக்குதலுக்கு உள்ளாகி 42 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு மே மாதம் ஐ.நா. பாதுகாப்புச் சபை மருத்துவப் பணியைப் பாதுகாக்கும் 2286 ஆம் தீர்மானத்தை நிறைவேற்றிய பின்னும் தாக்குதல்கள் ஓயவில்லை. ஆகவே சட்டம் காக்கும் என்ற நம்பிக்கையில் மட்டும் புறப்படக் கூடாது. வீட்டாரிடம் இதை மறைத்துவிட்டும் போகக் கூடாது.

மற்றபடி தோட்டத்து அனுபவம் சிறிய தகுதியல்ல. ஒரே ஒரு வாகனம் இருக்கும்போது, இரவில் டிக்கோயா வைத்தியசாலைக்கு யாரை முதலில் ஏற்றுவது, யாரை விடியும்வரை இங்கேயே கவனிப்பது என்று தோட்டத்து மருத்துவ உதவியாளர் முடிவெடுப்பதைப் பார்த்து வளர்ந்தவருக்கு, சத்தமாக அழுபவரைத் தாண்டிச் சத்தமில்லாமல் கிடப்பவரை முதலில் பார்க்க வேண்டும் என்பதைப் புதிதாகச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. விண்ணப்பிக்குமுன் இரண்டு வருடமாவது வார்டில் வேலை செய்து, கட்டுப் போடுவதையும் குளோரின் கலந்து தண்ணீரைச் சுத்திகரிப்பதையும் தடுப்பூசியைக் குளிரில் வைத்துக் காப்பதையும் கையோடு பழகிக்கொள்ளும்படி அவருக்கு எழுதியிருக்கிறேன்.