சம்பா அறுப்புக்கு முன்னால் உளுந்து

தை பிறந்து சம்பா பழுக்கத் தொடங்கியதும் மன்னார்குடிப் பக்கத்தில் இப்போது எல்லோரும் கேட்டுக்கொள்வது, "இந்த வருஷம் பயறு தெளிக்கிறீங்களா?" முன்பெல்லாம் இப்படி யாரும் கேட்டதில்லை. தெளிக்காத வயல் அபூர்வம். இன்று அறுத்த வயல்களில் பாதி வெறும் தாளோடு வெடித்துக் கிடப்பதைப் பார்க்க மனசு பொறுக்கவில்லை.

பயறு என்று நான் சொல்வது உளுந்தைத்தான். பெரிய செலவுள்ள பயிரில்லை இது. நெல் நிற்கும்போதே, மண் மெழுகுப் பதத்தில் இருக்கையில், ஏக்கருக்குப் பன்னிரண்டு கிலோ ஆடுதுறை 3 ரக உளுந்தைத் தெளித்தால் போதும். உழவு கிடையாது, பாய்ச்சல் கிடையாது. களிமண்ணில் மிச்சமிருக்கும் ஈரமும் பனியுமே எழுபது, எழுபத்தைந்து நாளுக்குத் தாங்கும்.

உழாத மண்ணில் அடியுரம் போட வழியில்லை. அதனால் இலை வழியாகக் கொடுக்கிறோம். ஏக்கருக்கு நாலு கிலோ டிஏபி உரத்தை முதல் நாள் ராத்திரியே ஊறவைத்து, தெளிவை மட்டும் வடித்து, 200 லிட்டராக்கிப் பூக்கும்போது ஒரு முறை, பதினைந்து நாள் கழித்து இன்னொரு முறை அடிக்க வேண்டும். அடிக்காத வயலில் பூ கொட்டுவது கண்கூடு.

வேர் முடிச்சில் இருக்கும் ரைசோபியம் என்ற நுண்ணுயிர் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தருகிறது. ஆனால் அதில் பெரும்பங்கு பருப்போடு வீட்டுக்கு வந்துவிடும். மண்ணுக்கு மிஞ்சுவது வேரும் உதிர்ந்த இலையும்தான். ஆகவே செடியைப் பிடுங்க நான் விடுவதில்லை, அரிவாளால் அடியோடு அறுக்கச் சொல்வேன். கூலியாட்கள் முணுமுணுப்பார்கள், பரவாயில்லை.

பயறு குறைந்ததற்கு அறுப்பு மிஷின்தான் முக்கியக் காரணம் என்பேன். பத்து நாள் முன்னால் தெளித்தால் முளைத்து நிற்கும் செடியை மிஷினின் பெல்ட் சக்கரம் நசுக்கிவிடுகிறது. மிஷின் துப்பிய வைக்கோல் குவியலுக்கு அடியில் எதுவும் எழும்புவதில்லை. மிஷினே வேண்டாம் என்றும் சொல்ல முடியாது, ஆள் எங்கே இருக்கிறது? நான் அறுப்புக்கு நாலைந்து நாள் முன்னால்தான் தெளிக்கிறேன், விதையும் கொஞ்சம் கூட்டி. அறுத்த அன்றே வைக்கோலை உதறிப் பரப்பிவிட வேண்டும். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

உளுந்தை அறுத்தபின் ராமநாதபுரத்துக் கீதாரிகளிடம், அதாவது ஆடு மேய்ப்பவர்களிடம், சொல்லி ராத்திரியில் ஆடுகளை வயலில் அடைத்து ஆட்டுக்கிடை போடுகிறோம். புழுக்கையும் மூத்திரமும் விழுந்த வயலில் அடுத்த நெல்லின் கருமையே தனி. அப்புறம் கோடை உழவு. தண்ணீர் வந்ததும் பசுந்தாள் உரத்துக்காக ஏக்கருக்கு இருபது கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதுவிடுவேன். அந்த வயலுக்கு முதல் தவணை யூரியாவைக் குறைத்துக்கொள்கிறேன்.

தக்கைப்பூண்டு விதைக்கு மட்டும் சித்திரையிலேயே சொல்லி வையுங்கள். ஆற்றில் தண்ணீர் வந்தபிறகு கேட்டால் கடையில் இருக்காது.